ஏழு நாள் மாத்திரை

2024 ஜூலை 8, திங்கள்

காலண்டர் ஆல்பம் வேலை கழுத்தைப் பிடிக்கிறது. ஆடிப் பதினெட்டுக்குள் அடுத்த வருஷக் காலண்டர் மாதிரிகள் ஏஜெண்டுகள் கைக்குப் போயாக வேண்டும். பைண்டிங்கில் இன்று நிமிர நேரமில்லை. சாப்பாட்டை நின்றுகொண்டே முடித்தேன்.

இந்த டைரியும் பிரஸ்ஸில் ஒதுக்கியதுதான். கிழமைகள் மாறி அச்சாகிவிட்டது. சூப்பர்வைசர், "செல்வி, வேணும்னா எடுத்துக்க" என்றார். அச்சான தேதியை அடித்துவிட்டு நானே எழுதிக்கொள்கிறேன். யாரிடமும் சொல்ல முடியாததை எங்கேயாவது இறக்கி வைக்க வேண்டியிருக்கிறது.

ஆறு மணிக்குத் தாயில்பட்டியில் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு வந்தால், என் வீட்டுக்காரர், நான் காலையில் விட்டுப்போன இடத்திலேயே, தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறார். சட்டை ஈரம். தலை ஈரம். அடுப்பு எரியும்போது வீட்டுக்குள் வரமாட்டார்.

பிரபாகரன் என்றால் கம்பெனியில் அத்தனை பேருக்கும் தெரியும். பதினாறு வருஷம் பட்டாசுக் கம்பெனியில் வேலை, அதில் ஆறு வருஷம் போர்மேன். ஏப்ரலில் பன்னிரண்டாம் நம்பர் அறை வெடித்தது. ஆறு பேர் போனார்கள். அவர் ஐந்தாம் நம்பர் அறை வாசலில் நின்றிருந்தார், ஒரு கீறல்கூட இல்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்தவர்தான். முதல் மாதம் பேச்சு குறைந்தது. அப்புறம் சாப்பாடு. அப்புறம் தூக்கம். இப்போது இது.

2024 ஜூலை 11

இன்று ஏழு தடவை குளித்தார். மகள் சுபிக்ஷா எண்ணிச் சொன்னாள்.

2024 ஜூலை 14, ஞாயிறு

இன்று கேட்டேவிட்டேன். என்னதான் நினைக்கிறீக, சொல்லுங்க என்று.

தன் உடம்பெல்லாம் மருந்து ஏறியிருக்கிறதாம். வெடிமருந்து. அன்று காற்றில் வந்ததை மூச்சில் இழுத்துவிட்டாராம். எலும்புக்குள் போய்ப் படிந்திருக்கிறது, சூடு பட்டால் தான் வெடித்துவிடுவேன், நீயும் பிள்ளையும் போயிருவீக என்கிறார். அதனால்தான் ஈரம். அதனால்தான் அடுப்பு ஆகாது. சோறு சூடாக இருந்தால் தள்ளிவிடுகிறார்.

"செத்தவக ஆறு பேரும் கூப்பிடுதாக செல்வி. பேர் சொல்லிக் கூப்பிடுதாக."

எனக்குக் கேட்கவில்லையே என்றேன். "ஒன்னய எதுக்குக் கூப்பிடணும்? நீயா அனுப்புன?"

சுபிக்ஷா நோட்டைக் காட்ட ஓடி வந்தாள். கையை நீட்டித் தடுத்துவிட்டார். பன்னிரண்டு வயதுப் பிள்ளை. அப்பா ஏன் தொடவே விடமாட்டேங்காக என்று கேட்டால் என்ன சொல்வேன்?

2024 ஜூலை 19

பட்டாசுக் கம்பெனி மேனேஜர் வந்தார். வாசலிலேயே நின்றார்.

இவர் அவரைப் பார்த்ததும் எழுந்து கையைக் கட்டிக்கொண்டு, "ஆறு பேரு சார். ஒரு அறைக்கு நாலு பேருதான் இருக்கணும், ஆறு பேரு இருந்தாக. நான்தான் ரெண்டு பேரக் கூட்டிட்டுப் போயி விட்டேன். போலீசக் கூப்பிடுங்க" என்றார். அதே மூச்சில், "எங்கிட்ட நிக்காதீக சார், வெயில் ஏறுது, நான் வெடிச்சிருவேன்" என்றார்.

மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "மூளை கலங்கிருச்சும்மா. நல்ல மனுசன். இவர் பேசுறத யாரும் பெருசா எடுத்துக்க மாட்டாக, நீங்க பயப்படாதீங்க."

பயப்படாதே என்று சொன்னவர் முகத்தில் ஒரு நிம்மதி இருந்தது. அதை நான் பார்த்தேன்.

ரிஜிஸ்டரில் நாலு பேர்தான் இருக்கிறார்களாம். செத்ததில் மற்ற இரண்டு பேர், செல்லத்தாயும் பத்திரகாளியும், அன்று வேலைக்கே வரவில்லை, சும்மா யாரையோ பார்க்க வந்தவர்கள் என்று கம்பெனி சொல்கிறது. அவர்கள் வேலைக்குத்தான் வந்தார்கள் என்பது ஊருக்கே தெரியும். எனக்கும் தெரியும். இவர் சொல்வதில் எது நோய், எது நடந்தது என்று எனக்கே பிரிக்க முடியவில்லை.

2024 ஜூலை 28, ஞாயிறு

எழுதக் கை வரவில்லை. இருந்தாலும் எழுதணும்.

மதியம் ஆளைக் காணோம். என் அண்ணன் சோலைச்சாமியும் நானும் தெருத் தெருவாகத் தேடினோம். காட்டுக் கிணற்று மேட்டில் உட்கார்ந்திருந்தார். உள்ளே இறங்கிட்டா யாருக்கும் ஆபத்தில்ல, தண்ணிக்குள்ள வெடிக்காது — இதை எவ்வளவு நிதானமாகச் சொன்னார் தெரியுமா. எங்களைக் காப்பாத்துதாராம். அய்யோ, எங்களைக் காப்பாத்துதாராம்.

அண்ணன் தோளோடு அணைத்துக் கூட்டி வந்தது. சிவகாசி டாக்டர் கொடுத்த மாத்திரை இரண்டு மாதம் ஆகியும் கேட்கவில்லை. நாளைக்கே மதுரை.

2024 ஆகஸ்ட் 1, வியாழன். மதுரை

ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று. மனநலப் பிரிவு, முதல் மாடி. சுபிக்ஷா அண்ணன் வீட்டில் இருக்கிறாள்.

டாக்டர் நல்லசிவம் ஒரு மணி நேரம் அவரிடம் பேசினார், பிறகு என்னிடம். இது கடுமையான மனச்சோர்வு, அதோடு இல்லாதது இருப்பதாக மனசு நம்பிவிடுகிறது, குரல் கேட்கிறது. இரண்டும் சேர்ந்து வருகிற நோய் என்றார். பைத்தியம் என்ற வார்த்தையை அவர் சொல்லவேயில்லை. குணமாகுமா என்றேன். "நிறையப் பேர் குணமாகிறாங்கம்மா." நான்கு மாதத்தில் இப்படி ஒருத்தரும் எனக்குச் சொல்லவில்லை. வராண்டாவுக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

2024 ஆகஸ்ட் 5

டாக்டர் இன்று ஒரு விஷயம் சொன்னார். புரிந்த வரைக்கும் எழுதுகிறேன்.

பயமோ நெருக்கடியோ வந்தால் உடம்பில் கார்டிசால் என்று ஒன்று சுரக்குமாம். ஓடவும் சமாளிக்கவும் அது வேண்டும். ஆபத்து போனதும் அது இறங்கிவிட வேண்டும். இந்த நோய் உள்ள பலருக்கு இறங்காமல் ஏறியே நிற்கிறது. இவருக்கும் ரத்தத்தில் ரொம்ப அதிகம். அந்தச் சுரப்பு மூளையில் போய் ஒட்டும் இடத்தை அடைத்துவிடுகிற ஒரு மருந்து இருக்கிறது. ஏழு நாள் கொடுத்துப் பார்க்கிற ஆய்வு இங்கே நடக்கிறது.

"கேக்குமா டாக்டர்?"

"தெரியாது. வெளிநாட்டுல பாத்திருக்காங்க. சிலதுல நல்லா இருந்தது, சிலதுல பெருசா வித்தியாசம் தெரியல. அதனாலதான் பாக்குறோம்."

இன்னொன்றும் சொன்னார். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு மருந்தே இல்லாத மாவு மாத்திரை. பார்க்க ஒன்றுபோல் இருக்கும். யாருக்கு எது என்று அவருக்கும் தெரியாது, நர்சுக்கும் தெரியாது. வழக்கமான மாத்திரை இரண்டு பேருக்கும் உண்டு. ஏழு நாளுக்கு அப்புறமும் சரியாகவில்லை என்றால் மற்ற வைத்தியம் தள்ளிப்போகாது, தேவைப்பட்டால் கரண்ட் வைத்தியமும் செய்வோம் என்றார். வேண்டாம் என்று சொன்னாலும் இதே படுக்கை, இதே கவனிப்புத்தானாம்.

பதினான்கு பக்கத் தாள் கொடுத்தார்கள். படிக்க வேண்டும்.

2024 ஆகஸ்ட் 8

ஒத்துக்கொண்டோம். அவரிடமும் கேட்க வேண்டும் என்றார்கள். எல்லாவற்றையும் வீடியோ எடுத்தார்கள். டாக்டர் மெதுவாக எல்லாவற்றையும் மறுபடி சொன்னார். இவர் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் ஒரே கேள்வி:

"அந்த மருந்து எனக்குள்ள இருக்கிற மருந்தோட சேந்தா வெடிக்குமா?"

அறையில் யாரும் சிரிக்கவில்லை. டாக்டர், "வெடிக்காது பிரபாகரன். நான் பக்கத்துலயே உக்காந்திருக்கேன்" என்றார். இவர் பேனாவுக்குக் கையை நீட்டினார். "அப்பச் சரி. எம்பிள்ளையத் தூக்கணும்" என்றார். கையெழுத்துப் போட்டார். நான் சாட்சியாகப் பக்கத்தில் போட்டேன்.

பன்னிரண்டு வயதுப் பிள்ளையைத் தூக்கணுமாம்.

2024 ஆகஸ்ட் 10, சனி

பெரிய ரகளை. அண்ணன் அந்தத் தாளைப் போட்டோ எடுத்துக்கொண்டு போய், தெரிந்த மெடிக்கலில் காட்டியிருக்கிறது. கடைக்காரர் மருந்துப் பேரைப் பார்த்துவிட்டு, இது பொம்பளைகளுக்குக் கருக்கலைக்கிற மாத்திரை என்று சொல்லியிருக்கிறார். அண்ணன் அடுத்த பஸ்ஸைப் பிடித்து மதுரைக்கு வந்துவிட்டது.

"ஒனக்கு அறிவு இருக்காத்தா? ஆம்பளைக்கு அந்த மாத்திரை எதுக்கு? நம்மள என்ன எலின்னு நெனச்சாகளா?"

வார்டே திரும்பிப் பார்த்தது. என்ன கையெழுத்துப் போட்டுவிட்டேன்? படிக்காமலா போட்டேன்? படித்தேனே.

ஆய்வு நர்ஸ் பாண்டிலட்சுமி வந்தாள். விருதுநகர்க்காரி, சின்ன வயசு, ஆனால் அதிராத பேச்சு. "ஆமாண்ணே, அதே மருந்துதான். நாங்க ஒளிக்கல. ஒன்பதாம் பக்கத்துல போட்டிருக்கு, பாருங்க." திருப்பிக் காட்டினாள். இருந்தது. நான் எட்டாம் பக்கத்தோடு களைத்து நிறுத்தியிருக்கிறேன்.

"ஒரே மருந்து ஒடம்புல ரெண்டு இடத்த அடைக்கும்ணே. ஒரு இடம் கரு தங்க வேண்டிய சுரப்போடது. இன்னொரு இடம் இந்த பயச் சுரப்போடது. நமக்கு வேண்டியது ரெண்டாவது. அதனாலதான் பொம்பளைக இந்த ஆய்வுக்கு வந்தா முதல்ல கர்ப்பம் இருக்கான்னு பாத்துட்டுத்தான் சேப்போம். பிரபாகரன் அண்ணனுக்கு அந்தச் சோதனை வேண்டாம்."

அண்ணன் முகத்தில் ஒரு கோணல் சிரிப்பு வந்தது. இருந்தாலும் விடவில்லை, பக்கவிளைவு ஒவ்வொன்றாகக் கேட்டது. பொட்டாசியம் குறையலாம், தடிப்பு வரலாம், குமட்டல் வரலாம். எந்த நாளும் வேண்டாம் என்று எழுந்து போகலாம், காரணம் சொல்லவேண்டியதில்லை என்றாள் பாண்டிலட்சுமி.

அண்ணன் போகும்போது, "நீ முடிவு பண்ணு. நான் கூட நிக்கேன்" என்றது. ஒன்பதாம் பக்கத்திலிருந்து பதினான்காம் பக்கம் வரை உட்கார்ந்து படித்தேன். முடிவை மாற்றவில்லை.

2024 ஆகஸ்ட் 12, திங்கள். முதல் நாள்

காலைச் சாப்பாட்டோடு நான்கு மாத்திரை. விரலில் வைத்து உருட்டி, மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தார். கம்பெனியில் கலவையைச் சோதிப்பது போல. விழுங்கினார். டாக்டர் சொன்னபடி பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

ஒன்றும் ஆகவில்லை. வெடிக்கவும் இல்லை.

2024 ஆகஸ்ட் 13

மாற்றமில்லை. மூன்று குளியல்.

2024 ஆகஸ்ட் 14

காலையும் மாலையும் ரத்தம் எடுக்கிறார்கள். "குழாயை ஜன்னல்ல வெயிலுக்கு வைக்காதீக" என்று பாண்டிலட்சுமியிடம் கெஞ்சினார். அவள் துணி போட்டு மூடி எடுத்துப்போனாள்.

2024 ஆகஸ்ட் 15

கீழே கொடியேற்றினார்கள். வார்டுக்கு மிட்டாய் வந்தது.

நெஞ்சிலும் முதுகிலும் சிவப்பாகத் தடித்திருக்கிறது. பயப்பட வேண்டியவள் நான் சந்தோஷப்பட்டேன் — அப்படியென்றால் நிஜ மருந்துதானே? டாக்டரிடம் ஓடினேன். அவர் தடிப்பைப் பார்த்தார், பொட்டாசியம் பார்க்கச் சொன்னார், எழுதிக்கொண்டார். "வேர்க்குருவாக்கூட இருக்கலாம்மா. நீங்களும் நானும் கண்டுபிடிக்க முயற்சி பண்ணக் கூடாது" என்றார். கண்டிப்பாகத்தான் சொன்னார்.

2024 ஆகஸ்ட் 16

மதியம் இரண்டு மணி நேரம் தூங்கினார். தலைமாட்டில் ஈரத் துண்டு இல்லாமல்.

2024 ஆகஸ்ட் 17

மோசமான நாள். காலையிலிருந்து அழுகை. செல்லத்தாயைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்கிறார், என்னைப் பார்த்துப் போலீசைக் கூப்பிடு என்கிறார். சுவரில் தலையை முட்டப் போனார். இரண்டு பேர் பிடித்தார்கள்.

மாவுதான். மாவு மாத்திரைதான் வந்திருக்கு நமக்கு. நம்ம ராசி அப்படித்தானே இருக்கும். எதுக்கு ஒத்துக்கிட்டேன், பேசாம கரண்டே வைங்கன்னு சொல்லியிருக்கலாம்ல. ஏழு நாளு. ஏழு நாளை வீணாக்கிட்டேனா?

பாண்டிலட்சுமி டீ வாங்கி வந்து கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

2024 ஆகஸ்ட் 18, ஞாயிறு. கடைசி நாள்

மாத்திரை முடிந்தது. சாயங்காலம் ஜன்னலோரம் நின்று கீழே ஆட்டோக்கள் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பாமலே கேட்டார்.

"சுபிக்ஷா பள்ளிக்கூடம் போறாளா?"

போகிறாள் என்றேன். "எட்டு நாப்பது பஸ் விட்டா வேற இல்ல. அண்ணன்ட்டச் சொல்லு."

ஏப்ரலுக்குப் பிறகு பிள்ளையைப் பற்றி அவராகக் கேட்ட முதல் கேள்வி. உடனே அண்ணனுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

2024 ஆகஸ்ட் 21

ஒரு குளியல்.

2024 ஆகஸ்ட் 23

டாக்டர்: "உடம்புல மருந்து இருக்கா பிரபாகரன்?"

இவர்: "இருக்கிற மாதிரித்தான் இருக்கு. ஆனா இருந்தா இம்புட்டு நாளு வெயில்ல என்னமும் ஆகியிருக்கணும்ல?"

டாக்டர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். நானும்.

2024 செப்டம்பர் 4, புதன். தாயில்பட்டி

வீட்டுக்கு வந்து மூன்று நாள் ஆகிறது. தினம் இரண்டு வேளை வழக்கமான மாத்திரை தொடர்கிறது. இன்று நான் தோசை ஊற்றும்போது உள்ளே வந்து, அடுப்புக்கு மூன்று முழம் தள்ளி, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். தட்டை எடுத்துப் போனேன். "சூடாப் போடு" என்றார்.

சுபிக்ஷா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்பா, வரலாமா?" என்று கேட்டாள். வா என்றார். அவள் ஓடவில்லை. மெதுவாக வந்து அவர் தோளில் கையை வைத்து, எடுத்து, மறுபடி வைத்தாள்.

பாதி கருகிப்போன தோசையை நான் தின்றேன்.

2024 செப்டம்பர் 17, செவ்வாய். மதுரை

மறுபரிசோதனை. எடை ஐந்து கிலோ ஏறியிருக்கிறது. குரல் கேட்டு மூன்று வாரமாகிறது. நன்றாக இருக்கிறது என்று டாக்டர் எழுதிக்கொண்டிருக்கும்போது இவர் கேட்டார்.

"சார், ஒடம்புக்குள்ள மருந்து இருக்குன்னது நோயி. ஒத்துக்கிடுதேன். அப்ப ஆறு பேரு?"

டாக்டர் என்னைப் பார்த்தார். நடந்தது உண்மை என்று நான்தான் சொன்னேன். வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை. சீசன் ஆர்டருக்குச் சரக்கு போதவில்லை என்று மேனேஜர் சொல்ல, எட்டாம் நம்பர் அறையிலிருந்து இரண்டு பேரை இவர் பன்னிரண்டாம் நம்பருக்கு மாற்றிவிட்டார்.

டாக்டர் பேனாவை மூடினார். "அது நடந்தது, பிரபாகரன். அதை நினைச்சா வருத்தம் வரத்தான் செய்யும். அந்த வருத்தத்தை மாத்திரையால எடுக்க முடியாது. தூக்கம் கெட்டா, சாப்பாடு குறைஞ்சா, திரும்பக் குரல் கேட்டா உடனே வாங்க. அதை மட்டும் நான் பாத்துக்கிறேன்."

பஸ் சாத்தூர் தாண்டும் வரை இவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நான் பைத்தியமா இருந்தப்பச் சொன்னதுலயும் ஒண்ணு நெசம்" என்றார்.

2024 அக்டோபர் 6, ஞாயிறு

மேனேஜர் மறுபடி வந்தார். இந்தத் தடவை உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார், இனிப்புப் பெட்டியோடு. தீபாவளி சீசன், ஆள் தட்டுப்பாடு, உங்க இடம் காலியாத்தான் இருக்கு, வாங்க என்றார். கிளம்பும்போது விஷயத்துக்கு வந்தார். விருதுநகரில் வெடிவிபத்து விசாரணை. இருபத்திரண்டாம் தேதி இவரையும் கூப்பிடுவார்கள்.

"ரிஜிஸ்டர்ல நாலு பேரு. நீங்களும் நாலுன்னு சொல்லிட்டாப் போதும். ஒங்களுக்கும் அதுதான் நல்லது. அனுப்புனது நீங்கதான, யோசிங்க."

"நீங்க சொன்னீக சார். நான் அனுப்புனேன்."

சத்தமே இல்லாமல் சொன்னார். மேனேஜர் இனிப்புப் பெட்டியை வைத்துவிட்டுப் போனார். இவர் அதைத் தெருமுனை வரை போய் மேனேஜர் வண்டியில் திருப்பி வைத்துவிட்டு வந்தார்.

2024 அக்டோபர் 9

இங்கேயாவது உண்மையை எழுதுகிறேன். அவர் சொல்லவேண்டாம் என்றுதான் எனக்கு இருக்கிறது. வழக்கில் இவரையும் சேர்த்தால்? ஜெயில் என்றால்? அந்த யோசனையில் மறுபடி விழுந்துவிட்டால்? நான்கு மாதம் ஒரு மனுசனைத் தொட்டி ஓரத்தில் பார்த்தவள் நான். இன்னொரு தடவை என்னால் முடியாது.

"சொல்லாதீகளேன்" என்று கேட்டும்விட்டேன். அவர் கோபப்படவில்லை. "செல்லத்தாய் அன்னைக்கு வேலைக்கே வரலன்னு சொல்லணுமா செல்வி?" என்றார்.

எனக்கு அவளைத் தெரியும். கடையில் பார்த்தால் சிரிப்பாள்.

2024 அக்டோபர் 15

டாக்டரிடம் போனில் கேட்டேன். விசாரணைக்குப் போகலாமா என்று. போகலாம், தூக்க மாத்திரையைத் தவறவிடாதீங்க, கூட ஒருத்தர் இருங்க என்றார். அண்ணன் ஒரு வக்கீலைப் பார்த்துவிட்டு வந்தது. உள்ளதைச் சொல்கிறவருக்கு அது பாதகமாகவே முடியும் என்றில்லை என்று சொன்னாராம். முழுத் தைரியம் வரவில்லை. பாதி வந்தது.

2024 அக்டோபர் 22, செவ்வாய்

விருதுநகர். நானும் அண்ணனும் பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம்.

இவர் சொன்னார். எட்டே காலுக்கு எட்டாம் நம்பர் அறையிலிருந்து செல்லத்தாயையும் பத்திரகாளியையும் தானே கூட்டிக்கொண்டு போய்ப் பன்னிரண்டில் விட்டது. யார் சொல்லிச் செய்தது. அறைக்குள் யார் யார் எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவர் பேரையும் சொல்லும்போது ஒரு விநாடி நிறுத்தினார். அவ்வளவுதான்.

கம்பெனி வக்கீல் எழுந்தார். இவர் மனநல ஆஸ்பத்திரியில் இருந்தவர், தன் உடம்பில் வெடிமருந்து இருப்பதாகச் சொன்னவர் என்றார். அறையில் ஒரு சலசலப்பு.

அதிகாரி, "அப்படியா?" என்று இவரையே கேட்டார்.

"ஆமா சார். இருந்தேன்." ஆஸ்பத்திரித் தாளைப் பையிலிருந்து தானே எடுத்து நீட்டினார். "ஒடம்புல மருந்து இருக்குன்னு நம்புனேன். அது நோயின்னு இப்ப எனக்கே தெரியுது. அந்த நோயி வெடிச்சதுக்கு அப்புறம் வந்தது. எட்டே காலுக்கு எனக்கு ஒண்ணும் இல்ல. நல்லாத்தான் இருந்தேன். நல்லா இருந்துக்கிட்டேதான் அனுப்புனேன்."

அதிகாரி தாளை முழுவதும் படித்தார். பதிவு செய்துகொள்ளச் சொன்னார்.

வெளியே வரும்போது செல்லத்தாய் வீட்டுக்காரர் சீனிச்சாமி வராண்டாவில் நின்றிருந்தார். பஸ் ஸ்டாண்டு வரை எங்கள் கூடவே நடந்து வந்துவிட்டு வேறு பஸ்ஸில் ஏறினார்.

2024 நவம்பர் 10, ஞாயிறு

சீனிச்சாமி அண்ணன் வீட்டுக்கு வந்தார். டீ கொடுத்தேன். ஆறும் வரை கையிலேயே வைத்திருந்தார்.

"அன்னைக்குக் காலையில அவ எதுவும் சொன்னாளா?" என்று கேட்டார்.

இவர் சொன்னார். "அறைக்குக் கூட்டிட்டுப் போகயில, 'மதியத்துக்குள்ள முடிச்சிருவோம்ணே, அவுக இன்னைக்கு நேரத்தோட வாறேன்னாக'ன்னு சொன்னா."

சீனிச்சாமி அண்ணன் தலையை ஆட்டினார். இரண்டு பேரும் அழுதார்கள். நான் உள்ளே போய்விட்டேன். இவர் அழுவதைக் கேட்டு முதல் தடவையாக எனக்குப் பயம் வரவில்லை. யாரும் அழக்கூடிய அழுகைதான் அது.

போகும்போது அவர் சொன்னது: "ஒங்கமேல எனக்குக் கோவம் இருக்கு. அது போகாது. ஆனா அவ வேலைக்குத்தான் வந்தான்னு நீங்க சொன்னீகள்ல."

2025 ஜனவரி 20

இவர் கம்பெனிக்குத் திரும்பவில்லை. சிவகாசியில் பேப்பர் குடோனில் சேர்ந்திருக்கிறார். ரீல் இறக்குவது, தாளில் ஈரம் ஏறியிருக்கிறதா என்று பார்ப்பது. நான் மணிக்கொரு தடவை போன் போடுகிறேன். குடோனில் கேலி பண்ணுகிறார்களாம்.

2025 ஏப்ரல் 16

அறை வெடித்து ஒரு வருஷம் ஆகும் வாரம். மூன்று நாளாகத் தூக்கம் சரியில்லை. நான் சொல்வதற்கு முன்னால் அவரே, "மதுரைக்குப் போயிட்டு வந்துருவமா?" என்றார். போனோம். மாத்திரையைக் கொஞ்சம் கூட்டினார்கள்.

2025 ஏப்ரல் 27

தூக்கம் வந்துவிட்டது.

2025 நவம்பர் 18, செவ்வாய். மதுரை

ஆய்வு முடிந்துவிட்டது. யார் யாருக்கு எது என்று இப்போது சொல்லலாமாம். தெரிய வேண்டுமா என்று கேட்டார்கள். வேண்டும் என்றார்.

நிஜ மருந்து.

நான் டாக்டரைக் கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் சங்கடப்பட்டார். "உங்களுக்கு நல்லாச்சு. அது இந்த மாத்திரையாலதான்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன்மா. மாவு மாத்திரை எடுத்தவங்கள்லயும் நல்லானவங்க இருக்காங்க. மருந்து எடுத்தும் ஆகாதவங்க இருக்காங்க. ரத்தத்துல மருந்து நல்லா ஏறினவங்களுக்குக் கொஞ்சம் கூடுதலாக் கேட்ட மாதிரி இருக்கு. இன்னும் பெரிய ஆய்வு பண்ணணும்."

இவர், "மாவு கிடைச்சவகளுக்கு அப்புறம் என்ன வைத்தியம் பண்ணுனீக?" என்று கேட்டார். எல்லாருக்கும் தொடர்ந்து பார்த்தோம் என்றார் டாக்டர். அதற்கப்புறம்தான் இவர் முகம் தெளிந்தது. தேவைப்பட்டால் அடுத்த ஆய்வுக்கு வருகிறவர்களிடம் பேசுகிறேன், எத்தனாம் பக்கத்தை முதலில் படிக்கணும்னு என் வீட்டுக்காரி சொல்லுவா என்றார். பாண்டிலட்சுமி சிரித்துவிட்டாள்.

2025 டிசம்பர் 9, செவ்வாய்

விருதுநகர் கோர்ட்டில் வெடிவிபத்து வழக்கு, இவர் சாட்சி சொல்ல வேண்டும். கூட வருகிறேன் என்றேன். "காலண்டர் கட்டுற நேரம், லீவு போட்டா வைவாக. நான் போயிட்டு வந்துருவேன்" என்று ஏழு மணி பஸ்ஸில் கிளம்பிவிட்டார்.

பிரஸ்ஸில் இன்று இரண்டு லாரி லோடு. கோவைக்கு ஒன்று, சேலத்துக்கு ஒன்று. காலண்டருக்குத் தகடு அடிக்கும் மிஷின் பாதியில் நின்றுவிட்டது, மெக்கானிக் வரும் வரை கையால் அடித்தோம். முத்துமாரி மகளுக்கு மாப்பிள்ளை பார்த்த கதையைச் சொல்லிச் சிரிக்க வைத்தாள்.

ஒன்றரை மணிக்குக் கை கழுவிவிட்டு டப்பாவைத் திறக்கும்போதுதான் உறைத்தது. காலையிலிருந்து அவருக்கு ஒரு போன்கூடப் போடவில்லை. பயந்துகொண்டே போடாமல் இருந்தேனா என்று யோசித்துப் பார்த்தேன். இல்லை. மறந்தே போயிருக்கிறேன்.

சாப்பிட்டு முடித்துவிட்டுத்தான் போட்டேன்.

"வாய்தா போட்டுட்டாக. பன்னிரண்டாம் தேதி திரும்ப வரணும்" என்றார். பின்னால் பஸ் ஸ்டாண்டுச் சத்தம். "நீ சாப்பிட்டியா?"

சாப்பிட்டேன் என்றேன்.